எஸ்தர் அக்காவும் காஹாங் சாலை லயமும்

குளுவாங் ஸ்டேஷனில் சரக்கு வண்டிக்கு ஆட்களை வைத்து மூட்டைகள் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தோட்ட வேலை இழந்த மாரியப்பன் வந்தார். பிளாட்பாரத்துக்குள் வராமல் வேலிக்கு அப்பால் நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "எஸ்தர் அம்மா போயிட்டாங்க, ஐயா. விடியக்காலையில" என்றார். நான் ஆட்களிடம் அடுத்த மூட்டையை ஏற்றச் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எஸ்தர் அக்கா யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாகப் பயின்றவர். ரயில்வே குமாஸ்தாவான கணவரோடு மலாயாவுக்கு, இந்த ஊருக்கு வந்தார்; கணவர் காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். நம் சபையில் அவரை அறியாதவர் இல்லை. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. போதகர் என்னை எழுதச் சொன்னபோது மறுத்திருக்கலாம். மறுக்கவும் எனக்கு முகமில்லை.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களை நிறுத்தத் தொடங்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சொந்த ஊருக்குக் கப்பலேறலாம் என்று நம்பிக் குடும்பம் குடும்பமாக நடந்து வந்து, ஸ்டேஷனைச் சுற்றிப் படுத்துக் கிடந்தார்கள். நம் சபைக் கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சலாம் என்று முதலில் சொன்னவர் அக்காதான். முதல் நாள் கஞ்சி தயாரானதும் மூப்பர் ஒருவர், "ஒரு சங்கீதம் வாசித்து ஜெபம் செய்துவிட்டு ஊற்றுவோமே" என்றார். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் மதத்தினர் அல்லர். அக்கா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "ஆண்டவர் பொறுத்துக்கொள்ளுவார், ஐயா. இந்தப் பிள்ளையளின்ரை வயிறு பொறுக்காது" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

கொஞ்ச காலத்தில் நம் வீடுகளிலிருந்து வந்த அரிசியும் குறைந்தது. அப்போது அக்கா ஒன்று கேட்டார். கல்லறைத் தோட்டத்தில் காலியாகக் கிடந்த பாதி நிலத்தை, வேலை இழந்தவர்கள் பயிரிட விடவேண்டும் என்றார். சபைக் கூட்டத்தில் ஒரே கூச்சல். அது இறந்தவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் என்றார்கள். "செத்தவை அவசரப்படமாட்டினம்" என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அவர் பக்கம் பேச ஆளில்லை; கூச்சலில் அன்று எதுவும் முடிவாகவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்குள் மாரியப்பனும் இன்னும் சிலரும் நிலத்தைக் கொத்தி, மரவள்ளிக் குச்சிகளை நட்டுவிட்டார்கள். பிடுங்கச் சொல்லப் போதகருக்கு மனம் வரவில்லை. கிழங்கு விளைந்தபோது மாரியப்பன், "கல்லறைத் தோட்டத்துக் கிழங்க பசார்ல யாரு வாங்குவா, அம்மா?" என்று கவலைப்பட்டார். அக்கா ஒரு கூடைக் கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூவோடு சபைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் உண்டு முடித்து ருசியைப் புகழ்ந்த பிறகுதான் விளைந்த இடத்தைச் சொன்னார். இன்று ஏழு குடும்பங்கள் அந்த நிலத்தில் பிழைக்கின்றன.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கடினம். காஹாங் சாலையில் மூடிக் கிடந்த ஒரு தோட்டத்து லயத்தில், கூலிகளுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில், போக்கிடமில்லாத குடும்பங்கள் ஒண்டியிருந்தன. அங்கே விஷக்காய்ச்சல் பரவியது. சபைப் பெண்கள் முறை வைத்துப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி கமலத்தின் முறை வந்தபோது அவள் நிறைமாதக் கர்ப்பிணி. போகக்கூடாது என்று சொல்ல எனக்கும், போகமாட்டேன் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. அன்று மாலை அக்காவே வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீ இரு. உன்ரை முறைக்கு நான் போறன்."

"போன வாரந்தானே போயிட்டு வந்தீங்க, அக்கா?" என்றேன். கேட்க வேண்டுமே என்று கேட்டது அது.

"நான் ஒரு ஆள், தம்பி. நீங்கள் மூண்டு பேர்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். அப்போது என் மனத்தில் இருந்தது நன்றியல்ல, நிம்மதி. அன்றிரவு வயிறார உண்டு, நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

அக்கா காய்ச்சலோடு திரும்பினார். அவர் படுத்திருந்தபோதே எங்களுக்கு மகள் பிறந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று ஆளனுப்பிக் கேட்டேன். "கிட்டக் கொண்டுவரவேண்டாம்" என்று பதில் வந்தது. குழந்தைக்கு அவர் பெயரையே வைக்கும்படி பலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் கமலம் எழுந்து போய்விடுகிறாள்.

அடக்கம் முடிந்த வாரம் நான் லயத்துக்குப் போனேன். அக்கா பிழைக்கவைத்த காளியம்மாள் என்பவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "அம்மா ஏன் வரல, ஐயா? மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். "இனிமே யாரு வருவாங்க?" என்றார் அவர்.

"நான் வர்றேன்."

"ஒங்களுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, அடுப்படிக்கு வழி காட்டினார்.

அன்றுமுதல் வாரந்தோறும் போகிறேன். அக்காவிடமிருந்து நான் திரும்ப எடுத்துக்கொண்டது கமலத்தின் அந்த ஒரு முறையைத்தான். அதைப் பார்த்துச் சபையில் சிலர் என்னைப் பாராட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது ஆரம்பத்திலிருந்தே எங்கள் வீட்டு முறை.