மில்லிகிராம் வாங்கிய மெமரி கார்டு

அலுவலகத்தில் எல்லோரும் அவரை மில்லிகிராம் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டு, தேய்ந்து, மில்லி ஆகிவிட்டது. கடைத்தெருத் தராசுகளையும் பெட்ரோல் பங்க் குழாய்களையும் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளர் வேலை. இருபத்தொன்பது வருடமாக அதே மேஜை. மேஜை மேல் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் நீல வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள். அவற்றை அவர் கையால் தொடவே மாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். விரல் வியர்வை பட்டால் கல் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பது அவர் கட்சி.

வீட்டிலும் இதே கதைதான். ஒரு கிலோ சர்க்கரை வாங்கினால் பையைத் தனியாக, சர்க்கரையைத் தனியாக நிறுத்துப் பார்ப்பார். அவர் மனைவி தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருந்தார். யாராவது மில்லியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். “கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் என்னை எடை பாக்குற மெஷின்ல ஏத்தினார். அக்கறையா பாக்குறாரேன்னு நினைச்சேன். கடைசில பாத்தா, மெஷின் சரியா இருக்கான்னு பாத்திருக்காரு!”

இப்படிப்பட்ட மில்லிக்கு ஒரே தங்கை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை எல்லாம் சிரித்தே அனுப்பி வைத்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலே சொன்னார்.

“அண்ணா, அடுத்த மாசம் இருபதாம் தேதி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எனக்குக் கல்யாணம். அண்ணி, நீங்க சாட்சிக் கையெழுத்து போடணும்.”

மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஒரே மாதத்தில் நான்கு தடவை கண்ணாடி ரிப்பேருக்கு வந்தவராம். மில்லி அவரை இரண்டு முறை பார்த்திருந்தார். இரண்டு முறையும் “சாப்டீங்களா?”, “சாப்டேன்” என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. ஆள் கொஞ்சம் அதிகமாகவே அமைதி. அமைதியான மனிதரை எந்தத் தராசில் வைப்பது என்று மில்லிக்குப் புரியவில்லை.

“போட்டோகிராபர் எல்லாம் வேண்டாம்” என்றார் தங்கை. “தாடையைத் தூக்கு, தோளை இறக்குன்னு உயிரை வாங்குவாங்க. நீயே எடு. ஆனா ஒண்ணு. அந்தக் கடற்கரை சமாச்சாரம் மாதிரி ஆயிடக் கூடாது.”

மில்லியின் முகம் சுருங்கியது. ஆறு வருடத்துக்கு முன்னால் குடும்பமே கடற்கரைக்குப் போய் நான்கு நாள் தங்கியது. மில்லி முந்நூறு படம் எடுத்தார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், கார்டைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். நான்கு நாளும் கடலில் கரைந்த மாதிரி. ஊருக்கெல்லாம் அளவு சரிபார்க்கிறவர், தன் கேமராவுக்குள் இருந்த தபால்தலை அளவு பிளாஸ்டிக்கை ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

“இந்தத் தடவை பாரு” என்றார்.

மறுநாளே கடைத்தெருவுக்குப் போனார். செல்போன் உறைகளும் சார்ஜர்களும் தோரணமாகத் தொங்கும் ஒரு சிறிய கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கார்டு. இருநூற்று ஐம்பத்தாறு ஜிபி என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது. விலையோ மற்ற இடங்களில் கேட்டதில் கால்வாசி. மில்லிக்கு உடனே மூக்கில் வியர்த்தது. இருபத்தொன்பது வருட அனுபவத்தில், இவ்வளவு மலிவாகக் கிடைத்த எதுவும் சொன்ன எடைக்கு நின்றதில்லை. ஆனாலும் வாங்கினார். சொல்லப்போனால், அதற்காகவேதான் வாங்கினார்.

அன்று மாலையிலிருந்து மூன்று நாள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கதவு, கதவுக் குமிழ், ஜன்னலில் காயும் துண்டு, பால் பாத்திரம், மனைவியின் செருப்பு, செருப்பைத் தேடும் மனைவி என்று எதிரில் வந்த எல்லாவற்றையும் படம் எடுத்துத் தள்ளினார். ஆயிரத்து நூறு படம். கேமரா ஒவ்வொன்றையும் ஒழுங்காக வாங்கிக்கொண்டது. இன்னும் இருபதாயிரத்துக்கு மேல் இடம் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டியது. மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்தார். எழுநூற்று நாற்பது வரை பழுதில்லை. எழுநூற்று நாற்பத்தொன்றாவது படத்தில் மனைவிக்குக் கழுத்து வரை இருந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதன் பிறகு எதுவுமே திறக்கவில்லை.

“மாட்டிக்கிட்டான்!” என்று மில்லி போட்ட சத்தத்தில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

“யாருங்க?”

“இந்தக் கார்டு! எட்டு ஜிபிதான் சரக்கு. மேல எழுதியிருக்கிற மிச்சமெல்லாம் வாய்ச்சவடால். இடம் இருக்கு, இருக்குன்னு வாங்கிப் போட்டுக்கும். ஆனா வைக்க இடம் கிடையாது.”

ஏமாந்த மனிதர் இப்படிக் குதித்து மனைவி பார்த்ததில்லை.

சனிக்கிழமை கடைக்காரம்மாவிடம் போய் நின்றார். அந்த அம்மா முதலில் முறைத்தார். “சீல் பிரிக்காத பாக்கெட்டுங்க. நானா உள்ள உக்காந்து செஞ்சேன்?”

“உங்க மேல தப்பு சொல்லலம்மா. உங்களையும் எவனோ ஏமாத்தியிருக்கான். இன்னொரு பாக்கெட் பிரிங்க, பாத்துடலாம்.”

கடையிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. புதுக் கார்டைப் போட்டு, ஒரு சினிமாப் படக் கோப்பையே திரும்பத் திரும்ப அதில் ஏற்றினார்கள். ஏறும்போது எல்லாம் ஏறியது. திறக்கும்போது முதல் சில பிரதிகள் மட்டும் ஓடின, மற்றவை முரண்டு பிடித்தன. கடைக்காரம்மா மூன்றாவது பாக்கெட்டைத் தானே பிரித்தார். அதுவும் அப்படியே. கண்ணாடிப் பெட்டியிலிருந்து அந்தப் பொன் எழுத்துப் பாக்கெட்டுகளை எல்லாம் கூடையில் வாரிப் போட்டார்.

“நாலு பேர் போன வாரம் வந்து திட்டிட்டுப் போனாங்க சார். கேமரா சரியில்லம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன்” என்றார். மில்லிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரு சீட்டில் முகவரி எழுதியும் கொடுத்தார். கார்டு தயாரிக்கும் கம்பெனியின் நேரடி விற்பனைக் கடை. “அங்க போங்க. பெருசா ஒண்ணு வாங்காதீங்க, சின்னதா ரெண்டு வாங்குங்க. ஒண்ணு மக்கர் பண்ணினாலும் பாதிக் கல்யாணமாவது மிஞ்சும்.”

மில்லி மறுநாள் அந்த முகவரிக்குப் போய் முப்பத்திரண்டு ஜிபி கார்டு இரண்டு வாங்கினார். நேரடிக் கடையாக இருந்தால் என்ன, சோதனை சோதனைதான். ஆனால் மனைவி கேமராவைப் பார்த்ததுமே முந்திக்கொண்டார். “இன்னொரு ஆயிரம் படம் எடுத்தீங்கன்னா நான் பார்சல் கட்டிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வந்தார். சாட்சிகளின் அடையாள அட்டை நகல் வாங்கிப் போக வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

“நாங்களும் இதேதான் மச்சான் செய்வோம். புது லிஃப்ட்ல ஆளை ஏத்துறதுக்கு முன்னாடி இரும்பு எடையை ஏத்தி மேலயும் கீழயும் ஓட்டிப் பாப்போம்.”

மில்லி நிமிர்ந்தார். “எவ்வளவு ஏத்துவீங்க?”

“எழுதியிருக்கிறதுக்கு மேலயே கொஞ்சம்.”

“அந்த எடைக்கு முத்திரை இருக்கா?”

“உங்க ஆபீஸ் முத்திரைதான்.”

இரண்டு முறை பார்த்தும் நகராத பேச்சு, அதற்கப்புறம் நிற்கவே இல்லை. படம் எடுப்பதை விட வீடியோ எடுத்தால் கார்டு சீக்கிரம் நிறையும் என்றார் மாப்பிள்ளை. சும்மா சுவரை எடுக்காமல் சுவர்க் கடிகாரத்தை எடுக்கச் சொன்னார். நொடி முள் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கார்டு எதையாவது விழுங்கினால் முள் குதிக்கும், கண்டுபிடித்துவிடலாம். தனக்கு இது தோன்றவில்லையே என்று மில்லிக்குப் பொறாமையே வந்தது.

கேமராவை முக்காலியில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்க்க வைத்தார்கள். அரை மணிக்கு ஒரு தடவை வீடியோ நின்றுவிடும், எழுந்து பொத்தானை அமுக்க வேண்டும். மற்ற நேரம் இரண்டு பேரும் டீயை வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கார்டு நிறைய ஒன்றரை மணி நேரம். இரண்டாவதுக்கு இன்னொரு ஒன்றரை.

மறுநாள் மாலை தங்கை வந்தபோது, மில்லி அலுவலகத்திலிருந்து திரும்பியிருக்கவில்லை. அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். “உங்க அண்ணன் எனக்கு வேலை குடுத்துட்டுப் போயிருக்காரு. முள் குதிக்குதான்னு பாக்கணுமாம்.”

தங்கையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் கடிகாரம். நொடி முள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அலுப்பு தாங்காமல் அண்ணி சத்தத்தைக் கூட்டினார். கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆண்களின் குரல் கேட்டது. கேமராவுக்குக் காதும் உண்டு என்பதை அந்த இரண்டு பேரும் சுத்தமாக மறந்திருந்தார்கள்.

“நாலு தடவையும் கண்ணாடி எப்படி உடைஞ்சுது?” இது மில்லி.

“உடையல மச்சான்.”

“பின்ன?”

“நானே ஸ்க்ரூவைக் கழட்டிட்டுப் போவேன். அவங்க அதை மாட்டும்போது வாய்க்குள்ளேயே ஏதாவது பாட்டு முணுமுணுப்பாங்க. அதைக் கேக்கத்தான். நாலாவது தடவை, ‘இந்த ஸ்க்ரூ தானா கழண்டு வராதே’ன்னு கேட்டாங்க. மாட்டிக்கிட்டேன்.”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணி மேஜையில் தலையை வைத்துக் குலுங்கினார்.

டீ உறிஞ்சும் சத்தம். பிறகு மில்லியின் குரல்.

“அவ லென்ஸ் தேய்ச்சா திரும்பச் சரிபாக்க வேண்டியதே இல்ல, தெரியுமா? ஊர்ல நான் ரெண்டாவது தடவை சோதிக்காத ஒரே ஆள் எங்க வீட்டுக் கழுதைதான். அவ கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல.”

சிரித்துக்கொண்டிருந்த தங்கை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார். அதில் கடிகாரம் ஐந்தே காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மில்லி வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு பெண்களும் அவரைப் பார்த்த பார்வை சரியில்லை. “முள் குதிச்சுதா?” என்று பதறினார்.

“முள் குதிக்கல. மாட்டிக்கிட்டது வேற ரெண்டு பேர்” என்றார் மனைவி.

விஷயம் புரிந்ததும் மில்லிக்குக் காது சிவந்துவிட்டது. “நல்லது, கார்டு ரெண்டும் பாஸ். எல்லாத்தையும் அழிச்சிட்டுக் கல்யாணத்துக்குத் தயார் பண்ணிடறேன்” என்று கேமராவைக் கையில் எடுத்தார்.

“அழிச்ச, தொலைஞ்ச!” தங்கை பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். “காப்பி எடு. ரெண்டு இடத்துல எடு. அதுக்கப்புறம் அழி.”

இருபதாம் தேதி ரிஜிஸ்டர் ஆபீஸில் மொத்தம் பதினேழு பேர். நீள மேஜை, பச்சை அட்டை போட்ட பதிவேடு, தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறி. மில்லி ஒவ்வொருவரும் படி ஏறி வருவதிலிருந்தே எடுத்தார். உறுதிமொழி முடிந்தது. தங்கை பேனாவைக் கையில் வாங்கினார். இங்கேதான் கார்டை மாற்றுவது என்று முன்பே முடிவு செய்திருந்த மில்லி, இரண்டாவதை எடுத்துச் செருகினார். கேமரா படம் எடுக்க மறுத்தது. கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் வந்தது.

“அண்ணா?” தங்கை பேனாவை அந்தரத்தில் பிடித்திருந்தார்.

“ஒரு நிமிஷம்.” மில்லி கார்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் சோதித்த கார்டு!

“மச்சான், பக்கத்துல ஒரு குட்டிப் பூட்டு இருக்கும் பாருங்க. சட்டைப் பையில உரசிக் கீழ இறங்கியிருக்கும்” என்று மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

நகத்தால் தள்ளினார். சரியாகிவிட்டது. பதிவாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “சார், கல்யாணம் பண்ணலாமா, இல்ல இன்னும் ரிப்பேர் இருக்கா?” என்று கேட்டதும் மற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். மில்லி சிரிக்கவில்லை. சிரித்தால் கை ஆடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைச் சுற்றி நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு படம். மில்லி ஒவ்வொன்றையும் திறக்கும்போது உள்ளுக்குள் எண்ணினார். ஒன்றுகூடச் சாம்பல் இல்லை. சில படங்களில் தலை இல்லை, இரண்டில் மின்விசிறி மட்டும் இருந்தது. ஆனால் அது கார்டின் குற்றம் இல்லை.

இருநூற்றுச் சொச்சத்தில் அந்தப் படம் வந்தது. பேனா அந்தரத்தில். தங்கை தலையைப் பின்னால் சாய்த்து, கண் இரண்டும் மூடி, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாழ்நாள் முழுக்கக் கேமராவைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்கிறவர் திரையருகே குனிந்தார்.

“நான் இப்படியா சிரிப்பேன்?”

மில்லி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, “தினமும்” என்றார்.

மில்லி அடுத்த படத்துக்குப் போகப் பொத்தானில் விரல் வைத்தார். தங்கை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இரு. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”