ஆலாக்களை விரட்டிய கை

தை அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் படப்பையிலிருந்து கோவளம் போயிருந்தேன். அங்கேதான் அந்த இளைஞரைப் பார்த்தேன். கன்னமெல்லாம் மணல் ஒட்ட, கேமராவோடு ஈர மணலில் குப்புறப் படுத்திருந்தார். எதிரே ஆலா என்ற கடற்பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன.

இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி, கார் கம்பெனியில் பெயிண்ட் சரிபார்க்கிறவராம். எடுப்பதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படம்.

"ஏன் தம்பி, கலர்ல எடுக்க மாட்டியா?"

"வாரம் பூரா கலரத்தான பாக்கேன் அண்ணாச்சி! லீவுலயுமா?" என்று சிரித்தார். பறக்கும்போது எடுக்க விடியலிலிருந்தே காத்திருக்கிறாராம்.

நான் வயலில் குருவி விரட்டி வளர்ந்தவன். உதவி செய்வதாக நினைத்து, "இதுக்கா காத்துகினு கீறே? தோ பாரு" என்று கைதட்டி, "ஹோய்!" என்று ஓடினேன். மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. திரும்பினால், அவர் கேமராவைத் தூக்கவே இல்லை.

"இன்னா தம்பி, எடுக்கலியா?"

"அது பயந்து ஓடுது அண்ணாச்சி. எவ்வளவு தூரம் பறந்து வந்த களைப்போ, பாவம்."

எனக்கு முகம் செத்துப் போயிற்று. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். "வருத்தப்படாதீக, அடுத்த லீவுக்கு வாரேன்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் படைத்து, மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தேன். அப்படி அதட்டிய வாயால் "கா, கா" என்று கூப்பிடக் கூச்சமாக இருந்தது. மனைவியைக் கூப்பிடச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன்.