ராட்டினத்துக்கு ஏற்ற உடுப்பு

மந்தாரக்குப்பம் ஜவுளிக்கடையில் நிற்கிறேன். எதிர்த் திடலில் பொருட்காட்சி. பெரிய ராட்டினத்தில் பன்னிரண்டு தொட்டிகள். அதில் ஏற வேட்டி சரிப்படாது.

"போன வாரம் ஒருத்தர் ரெண்டு கையாலயும் வேட்டியப் புடிச்சிக்கினு, கம்பியப் புடிக்க மறந்துட்டாருங்க" என்கிறார் கடைக்காரர். காண்ட்ராக்ட் ஆட்கள் வாங்கும் காக்கி அரைக்கால் சட்டை ஒன்றை எடுத்துப் போடுகிறார். "இத உள்ள போட்டுக்கினு மேல வேட்டியக் கட்டிக்கங்க. மானம் பறக்காது."

பொத்தான்களை எண்ணுகிறேன். ஐந்து. அதில் ஒன்று தளர்ந்திருக்கிறது. தைத்துத் தரச் சொல்கிறேன்.

"இந்த வயசுல ராட்டினம் எதுக்குங்க பெரியவரே?"

மகனைப் பார்க்க வந்து ஆறு நாளாகிறது. அவன் சுரங்கத்தில் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்கிறான். குவார்ட்டர்ஸில் நான் கண்டதெல்லாம் தூங்குகிற முகத்தைத்தான். சுரங்கத்துக்குள் வெளியாளை விடுவதில்லை.

"மேலே போனா மைன்ஸ் தெரியுமா?"

"தெரியும். ஆனா ஆளு தெரியாதுங்க. மிஷின் லைட்டுங்க மட்டும் புள்ளி புள்ளியாத் தெரியும்."

"எத்தனை இருக்கும்?"

"அத யாருங்க எண்ணிக்கினு இருப்பாங்க?" என்று சிரித்தபடி ஊசியில் நூல் கோக்கிறார்.

நான் எண்ணுவேன். அவற்றில் ஒன்றின் கீழே என் மகன் விழித்திருப்பான்.