கவுன்டரில் கேட்ட நட்சத்திரம்

மயிலாப்பூர் லஸ் முனைக்குப் பின்னால் இருக்கும் அந்த அறக்கட்டளை மருத்துவமனையில் மருந்து வாங்க வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "யாருக்கு மருந்து? அவங்க நட்சத்திரம் என்ன?" புதிதாக வந்தவர்கள் கோயிலுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைப்பார்கள். இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் மருந்தகப் பொறுப்பாளர் ஜொவிட்டா. சாந்தோம் பங்கைச் சேர்ந்தவர், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் பாடுகிறவர். அவருக்கு நட்சத்திரம் என்று ஒன்று கிடையாது.

1996 வரைக்கும் மருந்தகத்துக் கம்ப்யூட்டர் பில் போட மட்டும்தான் பயன்பட்டது. ஜொவிட்டா அதற்கு மருந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். எந்தப் பெயருள்ள மாத்திரைக்குள் என்ன மருந்து, எது எதோடு சேரக் கூடாது, எந்த நோயாளிக்கு ஆகாது என்று மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஒவ்வொன்றாக ஏற்றினார். கம்பெனிக்காரர்களின் விலைப்பட்டியலை அவர் நம்பவில்லை. புதுச் சரக்கு வந்தால் பெட்டியைப் பிரித்து, அட்டையின் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பதிவார். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மருந்தை மாற்றும் கம்பெனிகள் உண்டு. அப்படி மாறிய ஒரு இருமல் மருந்தை அவர் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்.

தி.நகரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். ஆகாத மருந்து ஒன்றுக்குப் பில் போட்டால் திரையில் சிவப்புக் கோடு விழும். பீப் என்று சத்தம் வரும்.

வந்தது. நிற்காமல் வந்தது. வரிசை மாடிப்படி வரைக்கும் நீண்டது.

"இன்னா மேடம், மிஷினு கத்திக்கினே கீது? அதுக்கே ஒரு ஊசி போடுங்க" என்றார் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்.

கவுன்டரில் பல வருட அனுபவமுள்ள ஷரஃபுதீன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சத்தம் வந்தால் திரையைப் பார்க்காமலே என்டர் பட்டனைத் தட்டுவது. ஒருநாள் ஜொவிட்டா பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"பாய், என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"நூறு தடவை கத்துது ஜொவிட்டாம்மா. தொண்ணூத்தொம்போது பொய்யி. எத்தினிய படிக்கிறது?"

மேலாளர் குருபிரசாத்துக்கு வரிசைதான் கவலை. "பொங்கல் வரைக்கும் டைம் தரேன். அதுக்கப்புறமும் இப்படியே கத்தினா எச்சரிக்கையை எடுத்துடலாம். கம்ப்யூட்டர் பில் போட்டா போதும்" என்று சொல்லிவிட்டார். நூற்றில் அந்த ஒன்று உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்பது ஜொவிட்டாவின் கவலை.

பொய் எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று தேடினார். மருந்துகளில் பிழை இல்லை. ஆட்களில் இருந்தது. மயிலாப்பூர்க் குடும்பங்கள் வீட்டுக்கு ஒரு மருந்தகக் கார்டு வைத்திருந்தன. சங்கரன் என்ற பெயரில் உள்ள கார்டில் சங்கரனின் ஆஸ்துமா மருந்து இருந்தது. அதே கார்டில் மனைவி காமாக்ஷியின் இரத்த அழுத்த மாத்திரையும் இருந்தது. அந்த மாத்திரை ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சை இறுக்கக்கூடியது. கம்ப்யூட்டருக்கு அந்தக் குடும்பமே ஒரே ஆள். ஒவ்வொரு மாதமும் கத்தியது.

அடுத்த முறை காமாக்ஷி வந்தபோது ஜொவிட்டாவே கவுன்டரில் நின்றார்.

"மாமி, இந்த மருந்து யாருக்கு? பேர் சொல்லுங்க."

"ஆத்துல அவருக்குத்தான்."

"அவர்னா? பேரு?"

"கார்டுல போட்டிருக்கே, நீயே படிச்சுக்கோயேன். என் வாயால சொல்லச் சொல்றியே!"

"சரி, பிறந்த தேதி?"

"பள்ளிக்கூடத்துல சேர்க்கறச்சே வாத்தியார் ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டார். நிஜத் தேதி யாருக்குத் தெரியும்? விசாகம், அது நிச்சயம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜொவிட்டா சிரிக்கவில்லை. உறவைக் கேட்டால் வருகிறவரைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. மனைவி வந்தால் அவர். மருமகள் வந்தால் மாமனார். தேதியோ வாத்தியார் போட்டது. நட்சத்திரத்தை மட்டும் யார் வந்தாலும், அர்ச்சனைக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், யோசிக்காமல் சரியாகச் சொல்கிறது. இனி கவுன்டரில் அதையே கேட்பது என்று முடிவு செய்தார்.

"ஆஸ்பத்திரி நடத்தறோமா, ஜாதக ஆபீஸா?" என்றார் குருபிரசாத்.

"பொங்கல் வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்க சார்" என்றார் ஜொவிட்டா.

"எங்காளுங்களுக்கு இன்னா பண்ணுவீங்க?" என்றார் ஷரஃபுதீன்.

"எங்களுக்கே கிடையாதே பாய். சாந்தோம்காரங்ககிட்ட ஞானஸ்நானப் பேரு கேட்போம். உங்காளுங்ககிட்ட எதைக் கேட்டா சரியா வரும்னு நீங்க சொல்லுங்க."

"அவங்க பேரோட வாப்பா பேரையும் கேளுங்க. அதுல தப்பே வராது."

ஒவ்வொரு கார்டையும் ஆள் ஆளாகப் பிரித்தார்கள். யார் மருந்து வாங்க வந்தாலும் கேட்டுக் கேட்டு ஏற்றினார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் ராசியையும் சேர்த்துச் சொல்லி, "சனிப் பெயர்ச்சி எப்படி இருக்கும்?" என்றார்கள்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை குருபிரசாத் வந்து கவுன்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். வரிசை நகர்ந்தது. கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. ரிப்பேராகிவிட்டதா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

பதினோரு மணி வாக்கில் காமாக்ஷி சீட்டை நீட்டினார்.

"யாருக்கு மாமி?" என்றார் ஷரஃபுதீன்.

"இந்தத் தடவை விசாகத்துக்கு. நேத்திக்குத் தலைசுத்தறதுன்னார். புது டாக்டர் பிரஷர்னுட்டார். என் மாத்திரையேதான் எழுதியிருக்கார்."

பீப்.

வரிசை மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. ஷரஃபுதீனின் விரல் என்டர் பக்கம் போய், அந்தரத்தில் நின்றது. திரையைப் படித்தார்.

"ஜொவிட்டாம்மா! இது பொய்யில்ல!"

அதே குடும்பம், அதே இரண்டு மருந்து. மாறியது ஆள் மட்டும். ஜொவிட்டா சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். சங்கரனுக்கு ஆஸ்துமா இருப்பது அந்த டாக்டருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. உடனே வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"நான் அரை மாத்திரை கொடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன். ஆத்துலதான் இருக்கே" என்றார் காமாக்ஷி. "அத அவருக்குக் கண்ணுலகூடக் காட்டாதீங்க மாமி" என்றார் ஜொவிட்டா.

குருபிரசாத் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா?"