ஒவ்வொரு படகுக்கும் ஒரு குழாய்

என் மச்சான் அனுப்பிய முதல் படத்தில் அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அவன் பக்கத்தில் நின்ற குழாயைத்தான் பார்த்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. என்னைவிட இரண்டு வயது சின்னவன். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் நானும் அவனும் ஒரே ரோப் கேங்கில் இருந்தோம். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் ஒரு கம்பி ரோப்பில்தான் தொங்கும். அந்த ரோப் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. தொண்ணூறுகளில் சுரங்கம் தள்ளாட ஆரம்பித்தபோது, விருப்பம் உள்ளவர்கள் முன்னாலேயே வேலையை விட்டுப் போகலாம் என்றார்கள். அவன் போனான். நான் இருந்துவிட்டேன். முதலில் சென்னைத் துறைமுகத்தில் யாரோ ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தான். அங்கிருந்து அவனை ஒரு தீவுக்கு அழைத்துப் போனார்கள். அந்தத் தீவின் பெயர் இன்றுவரை என் வாயில் சரியாக நுழையவில்லை. வெள்ளைக்காரர்களும் பெரிய பணக்காரர்களும் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வருவார்களாம். அவர்கள் வந்து தங்குகிற படகுத்துறை அங்கே இருக்கிறது. அதில் இவனுக்கு ரோப் வேலை.

படத்தில் மரப்பலகை நடைபாதை ஒன்று தண்ணீர்மேல் மிதந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் படகுகள், தொழுவத்தில் மாடு கட்டியதைப் போல வரிசையாக. ஒவ்வொரு படகுக்கும் எதிரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு விளக்கு, கரண்டு எடுக்க ஒரு பிளக், ஒரு குழாய். மனைவி எட்டாவது வரை படித்தவள். படத்தின் பின்பக்கம் அவன் எழுதியிருந்ததை அவள்தான் படித்துச் சொன்னாள்.

"கடல்ல போயிட்டு வந்தா படகுல உப்பு புடிச்சிக்குமாம். நல்ல தண்ணி வுட்டு குளிப்பாட்டுவாங்களாம்."

"தெனமுமா?"

"வரும்போதெல்லாம்னு எழுதிகீறான்."

நாங்கள் இருந்தது சுரங்கத்து லைன் வீடு. எங்கள் வரிசை முழுவதற்கும் ஒரே குழாய். நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும், அதுவும் எப்போது என்று தெரியாது. குடம் வைக்காதவர்கள் இடம் பிடிக்க ஒரு செங்கல் வைப்பார்கள். எனக்குக் காலை ஷிப்ட் முடிந்த நாட்களில் குடத்துக்குக் காவல் நிற்பது என் வேலை. அந்தக் குழாயடிக்கு மனைவி படத்தை எடுத்துக்கொண்டு போனாள். தம்பி பெருமை. அடுத்த வீட்டுக்காரி தெலுங்குக்காரி, ஆனால் தமிழில் வாய் நீளம். படத்தைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள்.

"உன் தம்பி அங்க படகுக்கு தண்ணி காட்றான். உன் ஊட்டுக்காரு இங்க செங்கல்லுக்கு காவல் நிக்கிறாரு."

வரிசையே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு நிறைந்த குடத்தை வீட்டுக்குத் தூக்கி வரும்போது பாதித் தண்ணீர் என் சட்டையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு கடிதம் வரும். அவனுக்கு எழுதுவதற்குச் சங்கதி தீராது. படகில் வந்தவர்கள் குளிக்கத் தனி அறைகள், வெந்நீரோடு. துணி துவைக்க மிஷின். படகுக்கு டீசல் போட தண்ணீர் ஓரத்திலேயே பங்க். காற்று எப்படி அடிக்கும் என்று தினம் காலையில் ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள். நாலு சக்கரம் வைத்த ஒரு பெரிய மிஷின், வீட்டு உயரத்துக்கு. அதிலிருந்து இரண்டு பெல்ட்டைப் படகின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, அப்படியே தண்ணீரிலிருந்து தூக்கித் தரையில் நிறுத்திவிடுவார்களாம். அடியில் ஒட்டின சிப்பியைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துத் திரும்ப இறக்குவார்களாம்.

"பெல்ட்டா?" என்றேன். "கேஜ் ரோப்பு பாத்தவன் போயும் போயும் பெல்ட்ட புடிச்சிகினு நிக்கிறானா?"

"உங்களுக்கு இன்னாத்துக்கு எரியுது?"

"எனக்கு இன்னா எரியுது. சோறு போடு."

எரிந்தது. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வயிறெல்லாம் எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு சர்வேயர் ஒருமுறை என்னிடம் சொன்னார், நம் ஊர் கடல் மட்டத்துக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் இருக்கிறது, ஆனால் நம் சுரங்கத்தின் கடைசி லெவல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே என்று. அத்தனை ஆழத்துக்குப் போய் வந்திருக்கிறேன். ஆனால் கடலை ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூர், அதோடு சரி. மதராசுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக இருந்தேன், அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கும் மச்சான்தான் போய்வந்தான்.

அதுகூடப் பரவாயில்லை. கை விஷயம்தான் தாங்கவில்லை. ரோப்பைச் சோதிக்கிற நாளில் கேஜை மெதுவாக நகர்த்தச் சொல்வோம். நான் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு பிடி காட்டன் வேஸ்ட்டை, அதாவது கழிவுப் பஞ்சை, எடுத்து ரோப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். கைக்குள்ளே ரோப் ஓடும். எங்கேயாவது ஒரு கம்பி அறுந்திருந்தால், முள் மாதிரி பஞ்சில் ஒரு நூலை இழுக்கும். உடனே நிறுத்தச் சொல்லிக் குறி வைப்பேன். ரோப் முடிகிற இடத்தில் இரும்புச் சாக்கெட் இருக்கும். அதன் வாயில்தான் கம்பிகள் சத்தமில்லாமல் சாகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அங்கே கொஞ்சம் வளைத்து, விரலை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே செத்த கம்பி இருந்தால் விரலுக்குச் சொல்லிவிடும். பக்கத்தில் இருக்கிற பாலகாட் சுரங்கத்து ஷாஃப்டிலிருந்துகூட என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். மச்சானுக்கு அவசரக் கை. அவன் பார்த்து முடித்ததும், "மாமா, நீ ஒருவாட்டி தடவிப் பாரு" என்பான். அப்படிப்பட்டவன் பத்தாவது படித்திருந்ததாலும் இங்கிலீஷ் ஃபாரம் நிரப்பத் தெரிந்ததாலும் அந்தக் குழாய்ப் பக்கத்தில் நிற்கிறான். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும்.

முதல் வருடம் ஒரு கடிதத்தில், மாமாவுக்கும் இங்கே ஒரு வேலை பார்க்கிறேன் என்று எழுதியிருந்தான். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. நான் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கடிதம் வரும்போதும், மனைவி படித்து முடிக்கிறவரை அந்த வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருப்பேன். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மூடினால் என் வயதுக்கு, என் படிப்புக்கு, வேறு எங்கேயும் இடம் கிடையாது. அந்தப் படகுத்துறை ஒன்றுதான் என் மனதில் இருந்தது.

மூடுவதற்கு முந்தின வருடம் ஒரு கடிதம் வந்தது. மனைவி படித்தாள்.

"மாமா, இங்க பாய் கட்ற மரத்த நிறுத்தி வெக்கிறதுக்கு கம்பி ரோப்பு கீது. வெளிய பாத்தா கண்ணாடி மாதிரி பளபளன்னு கீது. ஆனா உள்ள கம்பி செத்துகிதா இல்லியான்னு நீ எப்படி பாப்ப? ஒண்ணு விடாம வெவரமா சொல்லு. சீக்கிரம் எழுது."

அவ்வளவுதான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. ஊரை விட்டான், என்னை விட்டான், இப்போது என் கையையும் தபாலில் கேட்கிறான். நான் சொல்லிக் கொடுப்பேன், இவன் அங்கிருக்கிற துரையிடம் போய்த் தன்னுடைய வித்தை மாதிரி காட்டி நல்ல பெயர் எடுப்பான். பதினைந்து வருடம் என் பக்கத்தில் நின்று பார்த்தவன், தெரிந்ததை ஏன் கேட்கிறான் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பொறாமைக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்காது.

மனைவி வெளிநாட்டுக் கடிதத் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

"கிரீஸ் போடு. எல்லாம் சரியாப் போவும். எழுது."

எழுதினாள். பேனா நின்றது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"பஞ்சு வெச்சி பாப்பேன், வாய்கிட்ட வளைப்பேன்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் சொல்வீங்களே."

"உன் தம்பிக்குத் தெரியாததா? சொன்னத எழுது."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். மீதித் தாளில் வீட்டுச் சங்கதியெல்லாம் எழுதினாள். அப்படியும் கீழே கால்பக்கம் வெறுமையாக இருந்தது. மடித்து ஒட்டினாள்.

அதற்கு அவனிடமிருந்து பதில் வர ரொம்ப நாள் ஆயிற்று. வந்த கடிதத்திலும் ரோப் பேச்சு இல்லை. இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். கேஜ் மேலே வந்து நின்றது நின்றதுதான். எங்கள் லைனில் ஆண்கள் எல்லாரும் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தோம். குழாயடியில் செங்கல்லுக்குக் காவல் நிற்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

அந்த வருடம்தான் மச்சான் லீவில் வந்தான். கறுத்து, பல் மட்டும் வெள்ளையாக. அக்காவுக்குப் புடவை, எனக்குப் பூப்போட்ட சட்டை. அந்தச் சட்டையை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அன்னிக்கு ரோப்பு பத்தி கேட்டு எழுதினேன் பாரு, அது எனக்காக இல்ல. உனக்காக."

"எனக்கா?"

"அப்போ எங்க தொரைக்கு இன்னொரு ரோப்பு ஆள் வேண்டியிருந்துச்சி. எங்க மாமா கீறாரு, என்னவிட பத்து மடங்குன்னேன். பரீட்சன்னு சொல்லாத, சும்மா கேளு, அவனா இன்னா சொல்றான்னு நான் பாக்கணும்னாரு. முடியறதுக்கு முன்னாடி உனக்கு ஆச காட்ட வேணாம்னு நானும் வேலன்னு எழுதல. உன் லெட்டரு வந்துச்சி. நான்தான் இங்கிலீஷ்ல படிச்சிக் காட்டினேன்."

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"கிரீஸான்னு சிரிச்சாரு மாமா. அங்க அந்த ரோப்பு பக்கத்துலயே வெள்ளப் பாயி. ஒரு சொட்டு பட்டா பாயி பாழு. ஆனா உன்ன குத்தம் சொல்ல மாட்டேன். மைன்ஸ்காரன் கையி, ரோப்பு கண்டா கிரீஸு தேடும். நானே போன புதுசுல ஒரு படகு ரோப்புக்கு மேலருந்து கீழ வரைக்கும் தடவி வுட்டேன். பாயெல்லாம் கறுப்பு. என்ன கடல்ல தள்ளாத கொற!"

அவன் சிரித்தான். நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றே நம்பினான். அவன் அப்படி நம்பியதுதான் எனக்கு அறை மாதிரி விழுந்தது. அந்த வேலைக்குப் பக்கத்துத் தீவுக்காரன் ஒருவனை எடுத்துவிட்டார்கள் என்றான்.

பிறகு பையைத் திறந்து, முழ நீளத்துக்கு ஒரு ரோப் துண்டை எடுத்தான். விரல் பருமன்கூட இல்லை. வெள்ளி மாதிரி மின்னியது. ஒரு முனையில், எங்கள் சாக்கெட் மாதிரி, வழவழவென்று ஒரு குப்பி அழுத்திப் பொருத்தியிருந்தது.

"லெட்டர்ல கேட்டேனே, அந்த ரோப்புதான், அப்பால படகுலருந்து கழட்டினது. வீசப் போனாங்க, உனக்கோசரம் எடுத்துகினு வந்தேன்."

பழைய பனியனில் ஒரு துண்டு கிழித்தேன். ரோப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். வழவழவென்று வந்தது, நூல் சிக்கவில்லை. குப்பியின் வாய்க்கு வந்ததும் கொஞ்சமாக வளைத்து விரலை வைத்தேன். கேஜ் நின்று இத்தனை நாள் ஆகியும் விரல் மறக்கவில்லை.

"இங்க. உள்ள. ரெண்டு கம்பி."

மச்சான் என் கையையே பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"அதேதான். ரெண்டுதான். மிஷின்ல வெச்சி பாத்துதான் அவங்களுக்கே தெரிஞ்சிது." பிறகு மெதுவாகக் கேட்டான். "இத ஏன் மாமா எழுதல?"

நான் ரோப் துண்டைப் பனியன் துணியில் சுற்றினேன். அடுப்புப் பக்கத்திலிருந்து மனைவி பேசினாள்.

"அவரு சொன்னாருடா. நாந்தான் எழுதல. தாள்ல எடம் பத்தல."

மச்சான் அக்காவைப் பார்த்தான். "அய்யோ அக்கா" என்றான். அந்தக் கடிதத்தில் கால்பக்கம் வெறுமையாக இருந்தது அவனுக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மனைவியும் அன்றோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவன் திரும்பிப் போய் அடுத்த படம் அனுப்பினான். அதே மிதக்கிற நடைபாதை, அதே கம்பம், அதே குழாய். மச்சான் பக்கத்தில் இன்னொருவன் நின்றான், என் இடத்தில் சேர்ந்தவன். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். இரண்டு கையிலும் கையுறை.

"கையுறை போட்டவனுக்கு ரோப்பு எங்கருந்து பேசும்?" என்றேன் மனைவியிடம்.

"கொடத்த எடுத்துகினு வாங்க," என்றாள். "தண்ணி வந்துடுச்சி."