பதினாலு காலடி

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாட்ச் அக்கா என்று பெயர். வாத்தியார்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் கட்டிவிடுகிற வாட்சில் மணியே தெரியாது என்பதுதான் வேடிக்கை. முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது, கறுப்பு ரப்பர் பட்டையில் ஒரு பொத்தான் அளவுக்கு ஏதோ ஒட்டியிருக்கும். பிள்ளைகள் அதை ஏழு நாள் கழற்றாமல் கட்டியிருக்க வேண்டும். எப்போது தூங்கினார்கள், எப்போது புரண்டார்கள், எப்போது எழுந்து நடந்தார்கள் எல்லாம் அதற்குள் பதிந்துவிடும். எட்டாம் நாள் அக்கா அதைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகுவாள். வீட்டுக் குட்டு அத்தனையும் கோடு கோடாகத் திரையில் வந்து நிற்கும்.

ஆள் லேசுப்பட்டவள் இல்லை. முன்பு பத்து வருஷம் மருந்துக்கடையில் நின்றவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துக் கிழித்தவளுக்கு இந்தக் கோடெல்லாம் எம்மாத்திரம்? பிள்ளைகளின் தூக்கத்தை ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருத்தர் அந்தக் கடைக்கு மருந்து வாங்க வந்து, இவள் வேலை பார்க்கும் சுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதாயிற்று மூன்று வருஷம்.

வாட்சோடு வீட்டுக்கு ஒரு தாளும் போகும். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை மணிக்கு எழுந்தது என்று அம்மாவோ அப்பாவோ தினமும் எழுத வேண்டும். தாள் ஒன்று சொல்லி, வாட்ச் வேறு சொல்லி, இரண்டுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அக்கா பெற்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்துக் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். மூன்று ராத்திரிக்கு மேல் அப்படி வந்தால் இன்னொரு வாரம் வாட்ச் கட்ட வேண்டும். இதுதான் விதி. இந்த விசாரணையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"ஒன்பதரைக்குத் தூங்கிட்டான்னு எழுதியிருக்கீங்க. வாட்ச் பதினொண்ணரைங்குது. யாரும்மா பொய் சொல்றது?"

"அது வந்துங்க, அந்த வாட்ச்ல ஏதோ கோளாறு..."

"வாட்சுக்கு ஒரு கோளாறும் இல்ல. டிவியா, போனா, அதைச் சொல்லுங்க. வாயால சொன்னா செல்லாது. தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ அம்மாக்களின் வாயைப் பிடுங்கியிருக்கிறாள். வீட்டில் இதை நடித்துக் காட்டுவாள். நாலாம் வகுப்பு படிக்கிற மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த வருஷம் மகளின் வகுப்பே ஆராய்ச்சியில் வந்தது. வகுப்பு முழுக்க என்றால் முழுக்கத்தான், உன் பிள்ளைக்கு மட்டும் என்ன தனி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சரியென்று மகள் கையிலும் ஒன்றைக் கட்டினாள். தாளையும் நிரப்பினாள். எப்படி? எட்டாம் நாள் காலையில், பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில், ஒரே பேனாவால், ஒரே மூச்சில். ஒன்பதரைக்குப் படுத்தாள், ஆறு மணிக்கு எழுந்தாள், நல்ல தூக்கம். ஏழு வரியும் அச்சு அடித்த மாதிரி. வேறு எவளாவது இப்படிக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் தாளை முகத்திலேயே திருப்பி அடித்திருப்பாள்.

அன்று மதியம், பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வாட்சில் முப்பத்தேழு முடிந்துவிட்டது. நாலு மணிக்கு டாக்டரம்மா வந்து தாள்களை வாங்கிக்கொண்டு போவார். மணி மூன்றேகால். நம் வீட்டுப் பிள்ளையுடையது என்ன பெரிய வேலை என்று கடைசியில் வைத்திருந்தாள். செருகினாள்.

முதல் இரண்டு ராத்திரி பழுதில்லை. மூன்றாவது ராத்திரி பத்து நாற்பதுக்குக் கோடு துள்ளியிருந்தது. பக்கத்தில் காலடி பதினாலு என்று இருந்தது. அதற்கப்புறம் ஒன்றே முக்கால் மணி நேரம் நடையும் இல்லை, தூக்கமும் இல்லை. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மறுபடி பதினாலு காலடி. பிறகுதான் தூக்கம்.

நாலாவது ராத்திரியும் அப்படியே. ஐந்தாவது, ஆறாவது, எல்லாம் போக பதினாலு, வர பதினாலு.

வாட்சில் ஏதோ கோளாறு என்றுதான் அவளுக்கும் முதலில் தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பதினாலு என்ன என்று அவளுக்குத் தெரியாதா? எதையும் எண்ணிக்கொண்டே இருக்கிற பிள்ளை அது. படுக்கையிலிருந்து சமையலறைக் கதவு எனக்குப் பதினாலு, உனக்கு ஒன்பது என்று போன மாதம்தான் சொல்லியது.

அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அவளும் புருஷனும் நாலு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சென்ன பேச்சு, சண்டைதான். அவன் ஏ.சி. மெக்கானிக். வேறு ஊரில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டான். நான் வரமாட்டேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஊர் மாறுகிற பேச்சாக ஆரம்பித்தது, நீ வேண்டாம் நான் வேண்டாம் என்பதில் வந்து நின்றுவிட்டது. ஆனால் பிள்ளைக்கு எதுவும் தெரியக்கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. அது தூங்கின பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, குசுகுசுவென்று, பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி ஆளுக்கொரு புறம் நின்று பிள்ளைக்குத் தலை பின்னிப் பை எடுத்துக் கொடுப்பார்கள். நாம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

ஏழாவது ராத்திரியின் கோட்டைப் பார்க்கக் கை வரவில்லை. நேற்று ராத்திரிதான் அது. பிள்ளை யாரோடு இருப்பது என்று பேச்சு வந்தது. அவன் ஏதோ குத்தலாகச் சொன்னான். கோபத்தில் அவளுக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை.

"தாராளமா கூட்டிட்டுப் போ. எனக்கு வேண்டாம். நானாவது நிம்மதியா இருப்பேன்."

சொன்ன அடுத்த நிமிஷமே மறந்துவிட்ட வார்த்தை. இப்போது பார்த்தாள். பதினொன்று பத்துக்கு, சண்டை முடிவதற்கு முன்னாலேயே, பதினாலு காலடி திரும்பிப் போயிருந்தது. அதற்குப் பிறகு காலை ஐந்து மணி வரை தூக்கமே இல்லை. நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

போன் அடித்தது. டாக்டரம்மா.

"என்னம்மா, எல்லாம் ரெடியா? கிளம்பிட்டேன்."

"ஒண்ணு மட்டும் பாக்கிங்க."

"ஏன், ஓடலையா? கருவி பழுதுன்னு போட்டுத் தள்ளும்மா. முப்பத்தேழு போதும்."

எவ்வளவு சுலபம். திரையின் ஓரத்தில் 'கருவி பழுது' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு தட்டு தட்டினால் ஏழு ராத்திரியும் கணக்கிலிருந்து போய்விடும். டாக்டரம்மாவுக்கும் தெரியாது, புருஷனுக்கும் தெரியாது. கையை மவுஸ் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கட்டத்தைப் பொய்யாகத் தட்டியதில்லை.

பள்ளிக்கூட மணி அடித்தது. பையைத் தரையில் இழுத்துக்கொண்டு மகள் வந்து நின்றாள்.

"என்னுது எப்படிம்மா வந்திருக்கு?"

"நீயே சொல்லு. நல்லாத் தூங்கினியா?"

"ஒன்பதரைக்குப் படுத்தேன். ஆறு மணிக்கு எழுந்தேன். நல்ல தூக்கம்."

தாளில் அம்மா எழுதியதை அப்படியே ஒப்பித்தாள். சிரிப்புகூட அச்சாக அம்மாவின் காலை நேரச் சிரிப்புத்தான். பிறகு மகள் திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"வாட்ச் கட்டியிருக்கறதே மறந்து போச்சும்மா," என்றாள் மெதுவாக. தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி.

"பரவாயில்லடா கண்ணு."

"இத்தனை நாள் தப்பா வந்தா இன்னொரு வாரம் கட்டணும், இல்ல?"

"ஆமா."

பிள்ளை விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டது.

"அப்போ இன்னும் ஒரு வாரம் இங்கதான் இருப்பேனா? அதுக்கப்புறம்தானே அப்பாகூட அனுப்புவே?"

அழவில்லை, கெஞ்சவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை எங்கேயும் அனுப்பமாட்டேன். நேத்து ராத்திரி நான் சொன்னது பொய்டா. அப்பா மேல இருந்த கோபத்துல சொன்னது. உன்னை வேண்டாம்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல."

மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பின மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை.

"தாள்ல எழுதும்மா," என்றாள். "வாயால சொன்னா செல்லாது."

வெளியே டாக்டரம்மாவின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வாட்ச் அக்கா பேனாவை எடுத்தாள். ஒன்பதரை, ஆறு என்று இருந்த வரிகளை அடித்துவிட்டு வாட்ச் சொன்ன மணிகளை எழுதினாள். 'காரணம்' கட்டம் இரண்டு விரல் அகலம்தான். பொடி எழுத்தில் எழுதினாள். தாய் தந்தை சண்டையைக் கதவருகே நின்று கேட்டாள். பிள்ளையை வேண்டாம் என்று தாய் சொன்னது பொய்.

மகள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு விரலைக் கீழே இறக்கிக் காட்டினாள். பெற்றவர் கையெழுத்து. போட்டாள். பக்கத்தில் விசாரித்தவர் கையெழுத்து. அதையும் போட்டாள்.

மற்ற தாள்களோடு சேர்த்து அடுக்கக் கையை நீட்டினாள். மகள் கொடுக்கவில்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தானே வாசலுக்குப் போய், காரிலிருந்து இறங்கின டாக்டரம்மாவின் கையில் கொடுத்து, அவர் அதைப் படித்து முடிக்கிறவரை அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, அடுத்த வாரத்து வாட்சுக்காக இடது கையை நீட்டினாள்.