கரையில் அவள், மைதானத்தில் நான்

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே வாரத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அறந்தாங்கியில் ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவள் மாடியில். அவள் கணவர், அதாவது என் கொழுந்தனார், துபாயில் வேலை பார்க்கிறார். டாக்டர் எங்கள் இருவரையும் மாத்திரையோடு தினமும் நடக்கவும் சொன்னார்.

அன்று மாலையே நான் ஷூ வாங்கினேன். எத்தனை அடி நடந்தேன் என்று காட்டும் வாட்சும் வந்தது. அவள் ரப்பர் செருப்போடு கிளம்பினாள். கண்மாய்க் கரையில் மடை வரைக்கும் போய்த் திரும்புவோம். முதல் வாரம் நான் அவளை எழுப்பினேன். அடுத்த வாரம் அவள் என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, கெளம்பலையா?"

"முழங்கால் வலிக்குது. இன்னைக்கு நீ போயிட்டு வா."

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நடந்து பத்து நிமிடம் ஆனால் எனக்கு அலுத்துவிடும், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் ஷூ பரணுக்குப் போனது. அவளோ மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு போனாள்.

"அந்தப் பிள்ளைக்கு இருக்குற வைராக்கியம் ஒனக்கு இல்லையே," என்றார் என் கணவர். சுருக்கென்றது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒருநாள் அவளிடமே கேட்டேன், எப்படி விடாமல் போகிறாய் என்று.

சிரித்தாள். "வைராக்கியமெல்லாம் இல்லக்கா. பிள்ளைக, போனு, சமையல்னு நாள் பூராம் என்னைய யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. கரையில அந்த ஒரு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டாங்க. சுகர் இல்லைன்னாலும் போவேன்."

எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. நான் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பவள். அவளுக்கு வேண்டியது தனிமை. எனக்கோ அது ஏற்கெனவே அளவுக்கு மேல். பள்ளியில் படித்த காலத்தில் பூப்பந்து ஆடினால் இருட்டும் வரை வீட்டு நினைப்பே வராது. அப்படிப்பட்டவளா சோம்பேறி?

எங்கள் தெருவுக்குப் பின்னால் பள்ளி மைதானத்தில் மாலையில் சில பெண்கள் பூப்பந்து ஆடுவார்கள். தயங்கித் தயங்கிப் போய் நின்றேன்.

"வாங்கக்கா, ஒரு ஆள் கொறையுது," என்று மட்டையை நீட்டினார் ஒரு நர்ஸ்.

முதல் நாள் ஏழெட்டுப் பந்தைக் கோட்டை விட்டேன். எதிரணியில் இருந்த தையல்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஆத்திரத்திலேயே மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய் வலை கட்டினேன். என்னை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

என் ஓரகத்தியும் ஒருநாள் வந்து பார்த்தாள். கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. "என்னக்கா இது, ஒரே கத்தலா இருக்கு. நான் அங்கிட்டே போறேன்," என்று கரைக்குப் போய்விட்டாள்.

மூன்று வருடமாகிறது. இருவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. யாருக்கு மன உறுதி அதிகம் என்ற பேச்சை என் கணவர் விட்டுவிட்டார். இப்போது அவரிடம் நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று. போன வாரம் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறார்.